மேலே சூடு, கீழே மூச்சுத்திணறல்: விண்டர்மியர் ஏரியின் பனியுக மீன் எங்கே போகும்?

வட இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் இன்றும் சில துடுப்புப் படகுகள் விநோதமான கோலத்தில் மிதப்பதைப் பார்க்கலாம். படகின் இரண்டு பக்கமும் வண்டின் மீசை போல நீண்ட கழிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கழியிலிருந்தும் ஒரு கயிறு தண்ணீருக்குள் இறங்கும். அதன் நுனியில் கனமான ஈயக் குண்டு. கயிற்றிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் நரம்புகளில் பித்தளை, செம்புத் தகடுகள் பளபளக்கும். கழியின் நுனியில் ஒரு சின்ன மணி. படகோட்டி அவசரமே இல்லாமல் துடுப்பு போட்டுக்கொண்டிருப்பார். இருபது, இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் ஏதாவது கடித்தால் மேலே மணி அடிக்கும்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரே ஒரு மீனுக்காகத்தான். அதன் பெயர் 'சார்'. ஆமாம், தமிழில் எழுதினால் நம்மூர் ஆபீஸில் மேலதிகாரியைக் கூப்பிடுகிற அதே எழுத்துகள். சால்மன், ட்ரவுட் குடும்பத்தைச் சேர்ந்த குளிர்நீர் மீன்.

இந்த மணிச் சத்தம் இப்போது முன்பைவிட அபூர்வமாகிவிட்டது. காரணத்தைத் தேடிப் போனால், ஒரு ரயில் பாதை, ஹோட்டல் கழிவறைகள், தூண்டிலில் மாட்டக் கொண்டுவந்த ஒரு சின்ன மீன், பூமியின் வெப்பம் என்று கதை எங்கெங்கோ போகிறது.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட விருந்தாளி

ஆர்க்டிக் சார், உலகின் நன்னீர் மீன்களிலேயே வடகோடி வரை வாழக்கூடியது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில், ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கும் ஹேசன் ஏரியில்கூட இது இருக்கிறது. ஆர்க்டிக் பகுதியில் இதன் பல கூட்டங்கள் கோடையில் கடலுக்குப் போய்த் தின்று கொழுத்துவிட்டு ஆற்றுக்கும் ஏரிக்கும் திரும்பும்.

அப்படிப்பட்ட மீனுக்கு இங்கிலாந்தில் என்ன வேலை? விடை பனியுகத்தில் இருக்கிறது. பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி முழுக்கப் பனிப்பாறைகள்தான். அவை உருகிப் பின்வாங்கியபோது, மலைகளுக்கு நடுவே அவை குடைந்துவைத்த பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து ஏரிகள் உருவாகின. பனிநீர் ஓடிய ஆறுகள் வழியாகக் கடலிலிருந்து சார் மீன்கள் ஏறி வந்தன. பிறகு பூமி சூடானது. கடலும் ஆறும் இந்த மீனுக்கு ஒத்துவராத அளவுக்கு வெதுவெதுப்பாகிவிட்டன. வந்த வழி அடைபட்டது. விருந்துக்கு வந்தவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, அந்த ஊரிலேயே குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்த கதைதான்.

தங்க இடம் கிடைத்ததற்கு ஆழம்தான் காரணம். விண்டர்மியர் இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி. 17 கிலோமீட்டர் நீளம். ஆனால் ஒல்லி. அகலம் ஒன்றரை கிலோமீட்டர்தான். வடக்குப் பகுதியின் ஆழம் அதிகபட்சம் 64 மீட்டர், அதாவது இருபது மாடிக் கட்டடத்தை உள்ளே இறக்கி வைக்கலாம். தெற்குப் பகுதி அவ்வளவு ஆழமில்லை, 42 மீட்டர். நடுவில் தீவுகள் நிறைந்த மேடான பகுதி இரண்டையும் பிரிக்கிறது. இந்த வடக்கு - தெற்கு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சார் பெரிய மீன் கிடையாது. சராசரியாக ஓரடி நீளம். முதுகு கரும்பச்சை, உடம்பில் வெளிர்ப் புள்ளிகள், துடுப்பின் முன் ஓரத்தில் வெள்ளைக் கோடு. முட்டையிடும் பருவம் வந்துவிட்டால் ஆண் மீனின் வயிறு செக்கச்செவேலென்று மாறிவிடும். வேல்ஸ் மக்கள் இதற்கு வைத்திருக்கும் 'டோர்கோக்' என்ற பெயருக்கே 'சிவப்பு வயிறு' என்றுதான் அர்த்தம்.

நியூட்டன் புத்தகத்துக்கு இடைஞ்சல் செய்த மீன்

விண்டர்மியர் சாரின் அறிவியல் பெயர் 'சால்வெலினஸ் வில்லுபீ'. பிரான்சிஸ் வில்லுபி என்ற 17-ம் நூற்றாண்டு இயற்கை ஆய்வாளரின் நினைவாக வந்த பெயர். அவர் 1672-ல் இறந்த பிறகு, அவர் சேகரித்த மீன் தகவல்களை நண்பர் ஜான் ரே முடித்துக் கொடுக்க, 1686-ல் லண்டன் ராயல் சொசைட்டி பெரிய செலவில், படங்களோடு புத்தகமாக அச்சிட்டது. புத்தகம் விற்கவில்லை. கஜானா காலி. அடுத்து வரிசையில் நின்றது ஐசக் நியூட்டனின் 'பிரின்சிபியா'. அச்சிடப் பணமில்லாததால் எட்மண்ட் ஹாலி தன் கைக்காசைப் போட்டு 1687-ல் அதை வெளியிட்டார். அதே ஹாலிக்குத் தர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக சொசைட்டி கொடுத்தது என்ன தெரியுமா? விற்காமல் கிடந்த மீன் புத்தகத்தின் பிரதிகள்!

சரி, விண்டர்மியர் சார் தனி இனமா, ஆர்க்டிக் சாரின் ஒரு கிளையா? இந்த வாதம் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடுகிறது. ஒரு காலத்தில் பிரிட்டன், அயர்லாந்து ஏரிகளில் பதினைந்து இனங்கள்வரை எண்ணினார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். 2007-ல் வெளிவந்த ஐரோப்பிய நன்னீர் மீன்கள் கையேடு மறுபடியும் தனித்தனியாகப் பிரித்தது. வகைப்பாட்டு நிபுணர்களுக்கு இது பெரிய விஷயம். ஏரிக்கு அவ்வளவு முக்கியமில்லை. ஒவ்வொரு ஏரியின் சாரும் பல ஆயிரம் ஆண்டுகளாக மற்ற ஏரி மீன்களோடு கலக்காமல் வாழ்ந்திருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஒரே ஏரிக்குள்ளேயேகூடக் கலப்பு இல்லை என்பதுதான் இன்னும் சுவாரசியம். இதைக் கண்டுபிடித்தவர் வினிஃப்ரெட் ஃபிராஸ்ட். ஏரிக்கரையிலேயே இயங்கிய நன்னீர் உயிரியல் சங்கத்தின் ஆய்வாளர். 1965-ல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி விண்டர்மியரில் இரண்டு வகைக் கூட்டங்கள் உண்டு. ஒன்று இலையுதிர் காலத்தில், நவம்பர் வாக்கில், கரையோரம் சில மீட்டர் ஆழத்திலேயே கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். இன்னொன்று பிப்ரவரி, மார்ச்சில், பதினைந்து மீட்டருக்கும் கீழே முட்டையிடும். அடையாளமிட்டு விட்ட மீன்கள் அடுத்த முறையும் அதே பருவத்துக்கு, அதே இடத்துக்கே வந்தன. ஒரே தெருவில் குடியிருந்தும் கொடுக்கல் வாங்கல் இல்லாத இரண்டு குடும்பம் மாதிரி. வடக்கு, தெற்குப் பகுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் நான்கு கூட்டங்கள். பிந்தைய மரபணு ஆய்வுகளும் இந்தக் கூட்டங்களுக்குள் வித்தியாசம் இருப்பதைக் காட்டின. எனவே 'விண்டர்மியரில் சார் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டால் போதாது. நான்கில் எது இருக்கிறது, எது போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

லண்டன் சாப்பாட்டு மேசையிலிருந்து ரயில் நிலையம் வரை

ஒரு காலத்தில் இந்த மீனுக்குப் பெரிய மவுசு. 1698-ல் குதிரையில் இங்கிலாந்தைச் சுற்றிவந்த சீலியா ஃபியன்ஸ் தன் பயணக் குறிப்பில் விண்டர்மியர் சாரைப் பற்றி எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் லண்டன் பணக்கார வீடுகளுக்கு இது பயணம் போனது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் எப்படி? மீனை வேகவைத்து, ஜாதிபத்திரி, கிராம்பு போன்ற மசாலா சேர்த்து, பீங்கான் தட்டில் அழுத்தி, மேலே உருக்கிய வெண்ணெய் ஊற்றிக் காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். நம்மூரில் ஊறுகாய் ஜாடியில் மேலாக நல்லெண்ணெய் நிற்பது போல. வெளிப்பக்கம் மீன் படம் வரைந்த அந்தத் தட்டுகள் இப்போது பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் நல்ல விலைக்குப் போகின்றன.

அதிகமாகப் பிடித்ததால்தான் மீன் குறைந்ததா? கொஞ்சம் உண்டு. வலை போட்டு அள்ளியதால் 19-ம் நூற்றாண்டிலேயே புகார்கள் எழுந்தன, 1920-களின் தொடக்கத்தில் வலைவீச்சு நிறுத்தப்பட்டது. ஆனால் உண்மையான திருப்பம் மீன்பிடியில் இல்லை. 1847-ல் ரயில் வந்தது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் அந்த ரயில் பாதையை எதிர்த்து எழுதிப் பார்த்தார், நடக்கவில்லை. தொழில் நகரங்களிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஏரிக்கரையில் மாளிகைகள், விடுதிகள், கடைகள் முளைத்தன. வேர்ட்ஸ்வொர்த் கவலைப்பட்டது மலைகளின் அமைதி கெடுமே என்று. கழிவறைகளைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மீனைப் பொறுத்தவரை பிரச்சினை அங்கேதான் இருந்தது.

கிணற்றில் குதித்தவர்களுக்குப் புரியும்

கோடையில் கிணற்றில் குதித்து நீச்சல் அடித்தவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். மேல் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். மூழ்கிக் கொஞ்சம் கீழே போனால் சட்டென்று கால் ஜில்லிடும். சூடான தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். குளிர்ந்த தண்ணீர் கனமானது, கீழே தங்கும். இரண்டும் சுலபத்தில் கலக்காது.

விண்டர்மியரிலும் இதேதான். வசந்த காலத்தின் கடைசியில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஏரி இரண்டு மாடியாகப் பிரிந்துவிடும். மேல்மாடி சூடு, கீழ்மாடி குளிர். சாருக்குச் சூடு ஆகாது. 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திணறத் தொடங்கிவிடும். முட்டைகள் இன்னும் மோசம், சுமார் 8 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. எனவே கோடையில் சார் கீழ்மாடிக்கு இறங்கிவிடும். ஏ.சி. அறைக்குள் புகுந்துகொள்கிற மாதிரி.

பிரச்சினை என்னவென்றால், அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பெரும்பாலும் மேல்பரப்பில், காற்று படும் இடத்தில்தான் கரைகிறது. ஏரி இரண்டாகப் பிரிந்திருக்கும் மாதங்களில் கீழ்மாடிக்குப் புதிய ஆக்ஸிஜன் வராது. வசந்தத்தில் என்ன ஸ்டாக் இருந்ததோ, அதை வைத்தே இலையுதிர் காலக் காற்று வந்து ஏரியைக் கலக்கும்வரை ஓட்ட வேண்டும்.

சுத்தமான ஏரியில் இது பிரச்சினையே இல்லை. ஸ்டாக் தாராளமாகப் போதும். ஆனால் ஏரியில் கழிவுநீர் கலந்தால்? கழிவில் இருக்கும் பாஸ்பரஸ் பாசிக்கு உரம். மேல்மாடியில் பாசி செழித்து வளரும். பிறகு செத்துக் கீழே மூழ்கும். அதை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் கீழ்மாடியின் ஆக்ஸிஜனைக் காலி செய்துவிடும். மீன் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் மூச்சுவிட முடியவில்லை.

மேலே போனால் சூடு. கீழே போனால் காற்று இல்லை. நடுவில் மிஞ்சுகிற ஒரு தண்ணீர்ப் பட்டைக்குள்தான் கோடை முழுக்கக் குடித்தனம். அந்தப் பட்டை எவ்வளவு தடிமன் என்பதுதான் இந்த மீனின் தலையெழுத்து.

தெற்குப் பகுதியில் இது ரொம்ப மெலிந்துவிட்டது. அங்கே ஆழம் குறைவு, குளிர்நீரின் அளவும் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். கோடையின் கடைசியில் அதன் அடிப்பகுதியில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு இறங்கிய ஆண்டுகள் உண்டு. ஆழமான வடக்குப் பகுதி ஓரளவு தப்பித்து நிற்கிறது. ஒலி அலையை அனுப்பி மீன்கள் எந்த ஆழத்தில் இருக்கின்றன என்று பார்க்கும் கருவியால் ஆராய்ந்தபோது, ஆக்ஸிஜன் குறைந்த அடித்தண்ணீரை விட்டு மீன்கள் மேலே விலகி நிற்பது தெரிந்தது.

1992: ஒரு தடவை பலன் தந்த வேலை

'இயற்கை மாற்றம், யாரால் என்ன செய்ய முடியும்?' என்று இதை விட்டுவிட முடியாது. ஏனென்றால் ஒரு முறை செய்து காட்டியிருக்கிறார்கள்.

1960-களில் ஏரிக்கரை ஊர்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்படுத்தப்பட்டது. கேட்க நல்லதாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தச் சுத்திகரிப்பில் பாஸ்பரஸ் வெளியேறவில்லை, கரைந்த நிலையில் நேராக ஏரிக்குள் போனது. சலவைத்தூளில் பாஸ்பேட் வந்த காலமும் அதுவே. 1980-களில் ஏரியின் நிலை மோசமானது. பிறகு 1992-ல் இரண்டு முக்கியமான சுத்திகரிப்பு நிலையங்களில் பாஸ்பரஸைத் தனியாகப் பிரித்தெடுக்கும் வசதி வந்தது. தெற்குப் பகுதியில் பாஸ்பரஸ் அளவு இறங்கியது. ஆழ்நீரின் ஆக்ஸிஜன் நிலையும் கொஞ்சம் மேம்பட்டது. சார் மீளும் என்று நம்பினார்கள்.

எதிர்பார்த்தபடி அது மீளவில்லை. அதற்குள் வேறு இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

முதல் ஆள், ரோச் என்ற மீன். நம்மூர்க் கெண்டைக் குடும்பம். இந்த ஏரிக்குச் சொந்தமானது கிடையாது. பைக் என்ற பெரிய வேட்டை மீனைப் பிடிக்க, உயிரோடு தூண்டிலில் மாட்டும் இரையாக சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு கொண்டுவரப்பட்டது. மிஞ்சியதை ஏரியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பல பத்தாண்டுகள் அது ஒரு மூலையில் சும்மா கிடந்தது. 1990-களில் தண்ணீர் வெதுவெதுப்பாக ஆனதும் பெருகிவிட்டது. சார் தின்னும் அதே மிதவை நுண்ணுயிர்களைத்தான் ரோச்சும் தின்னும். குளிர் தேவையில்லாத மீன் என்பதால் மேல்மாடியில் ஜாலியாக உட்கார்ந்து மேய்ந்துவிடுகிறது. இந்த வட்டாரத்தின் பல ஏரிகளில் நன்னீர் மீனை இரையாகப் பயன்படுத்த 2002-ல் தடை வந்தது. விண்டர்மியரைப் பொறுத்தவரை அது காலம் கடந்த தடை.

இரண்டாவது ஆள், வெப்பம். 1940-களோடு ஒப்பிட்டால் ஏரியின் தண்ணீர் ஒரு டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். மீன் இருக்கும் பட்டை மேலிருந்து குறுகுவது ஒரு பக்கம். ஏரி சூடானால் இரண்டு மாடியாகப் பிரிந்திருக்கும் காலமும் நீள்கிறது என்பது இன்னொரு பக்கம். கீழ்மாடியின் கதவு முன்கூட்டியே மூடித் தாமதமாகத் திறக்கிறது. அதே ஆக்ஸிஜன் ஸ்டாக்கை இன்னும் அதிக நாள் ஓட்டியாக வேண்டும். 1992-ல் சம்பாதித்ததில் ஒரு பகுதியை வெப்பம் இப்படித் திருப்பி எடுத்துக்கொண்டது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது?

பெரும்பாலான ஏரிகளில் ஒரு மீன் குறைந்தால் 'முன்னெல்லாம் நிறைய கிடைக்கும்' என்று பெரியவர்கள் சொல்வதோடு சரி. விண்டர்மியர் விதிவிலக்கு. 1929-ல் தொடங்கப்பட்ட நன்னீர் உயிரியல் சங்கம் இந்தக் கரையில்தான் முகாமிட்டது. 1940-களிலிருந்து ஏரியின் வெப்பம், ஆக்ஸிஜன், சத்துப் பொருட்கள், பாசி ஆகியவற்றை வாரக்கணக்கில் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். இப்போது பிரிட்டனின் சூழலியல் மற்றும் நீரியல் மையம் இந்த வேலையைத் தொடர்கிறது. உலகிலேயே இவ்வளவு நீண்ட காலப் பதிவு உள்ள ஏரிகள் மிகச் சில.

இதில் மீனவர்களுக்கும் பங்கு உண்டு. மணி கட்டிய படகுக்காரர்கள் எத்தனை மணி நேரம் துடுப்பு போட்டோம், எத்தனை மீன் கிடைத்தது என்று 1960-களிலிருந்து எழுதிவைத்த நோட்டுகளை ஆய்வாளர் இயன் வின்ஃபீல்டும் சக விஞ்ஞானிகளும் எடுத்துப் பார்த்தார்கள். படகு, கழி, தகடு, ஈயம் எதுவும் மாறவில்லை. எனவே கிடைக்கும் மீன் குறைந்தால் ஏரியில் மீன் குறைந்திருக்கிறது என்று ஓரளவு நம்பிக்கையாகச் சொல்லலாம். அந்தக் கணக்கும் கீழ்நோக்கித்தான் போனது. ஒலிக் கருவியின் பதிவும் அதோடு ஒத்துப்போனது. பழைய கால நுட்பத்தைக் கைவிடாமல் இருந்ததே அறிவியலுக்கு உதவியது இங்கே நடந்த நல்ல விஷயம்.

பிரிட்டனில் முன்னுரிமை கொடுத்துக் காக்க வேண்டிய இனங்களின் பட்டியலில் ஆர்க்டிக் சார் 2007-ல் சேர்க்கப்பட்டது.

இப்போது நடப்பது என்ன?

2022 கோடையில் விண்டர்மியரில் நீலப்பச்சைப் பாசி படர்ந்த படங்கள் பிரிட்டன் முழுக்கப் பரவின. தேசியப் பூங்காவின் முகமாக விளங்கும் ஏரி, 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி, அங்கே தண்ணீர் பச்சை பெயின்ட் மாதிரி. மக்கள் கொதித்துப்போனார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு கழிவுநீர் ஏற்று நிலையத்தில் கோளாறு ஏற்பட்டு, சுத்திகரிக்காத கழிவு பல மணி நேரம் ஏரிக்குள் போனதை அந்த ஆண்டு மே மாதம் பிபிசி வெளிக்கொண்டுவந்தது.

கழிவு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, சுத்திகரிப்பு நிலையங்கள். இங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய அமைப்பு. பெருமழை பெய்தால் குழாய் தாங்காது, உபரியை அப்படியே வெளியே விட்டுவிடுவார்கள். இரண்டு, பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்படாத வீடுகள், விடுதிகள், முகாம்களின் செப்டிக் டேங்குகள். பராமரிப்பு சரியில்லாத டேங்கிலிருந்து கசிவது கண்ணுக்குத் தெரியாது, யார் மேலும் செய்தி வராது, ஆனால் பாஸ்பரஸுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. கழிவுநீர் நிறுவனத்தை மட்டும் திட்டுவது சுலபம். சொந்த வீட்டு டேங்கைத் திறந்து பார்ப்பது கஷ்டம்.

2025 மார்ச்சில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஸ்டீவ் ரீட், ஏரிக்குள் இனி மழைநீர் மட்டுமே போகும் நிலையை உருவாக்கப் போவதாக அறிவித்தார். ஓரிரு ஆண்டில் முடிகிற வேலை இல்லை. ஏரிக்கரை முழுக்கக் குழாய் பதிக்க வேண்டும், அல்லது கழிவைப் பள்ளத்தாக்குக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். பில்லை யார் கட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது.

மீனையே இடம் மாற்றினால் என்ன?

நியாயமான கேள்விதான். செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டூன் ஏரியில் அமில மழையால் சாருக்கு ஆபத்து என்று தெரிந்ததும், 1980-களின் கடைசியில் அங்கிருந்து மீனையும் முட்டையையும் எடுத்துப்போய் டல்லா நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். அந்தக் கூட்டம் அங்கே நிலைத்துவிட்டது. ஒரு 'பேக்-அப்' மாதிரி.

விண்டர்மியருக்கு அருகிலேயே என்னர்டேல் ஏரியில் இன்னொரு வழி. அங்குள்ள சார், லைசா என்ற ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும். பிரிட்டனில் இந்தப் பழக்கம் அபூர்வம். காட்டுப் பாதைக்காகக் கட்டிய ஒரு கான்கிரீட் தரைப்பாலம் அந்த வழியை மறித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு மீன் போகிற மாதிரி பாலம் கட்டினார்கள். முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைத் திரும்ப விட்டார்கள். முட்டையிட வரும் மீன்கள் மறுபடி கூடின.

இரண்டும் நல்ல கதைகள். ஆனால் விண்டர்மியரில் அப்படியே நகலெடுக்க முடியாது. இங்கே மறிப்பது ஒரு பாலம் அல்ல, உடைத்துப் போட. இடம் மாற்றலாம் என்றாலும் நான்கு கூட்டங்களில் எதை மாற்றுவது? ஆழத்தில் முட்டையிடும் கூட்டத்துக்கும் கரையோரம் முட்டையிடும் கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில் ஒத்துவரும் இன்னொரு குளிர்ந்த, ஆழமான, சார் இல்லாத ஏரி வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தாலும் அது ஏன் காலியாக இருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். பக்கத்து அல்ஸ்வாட்டர் ஏரியில் ஒரு காலத்தில் சார் இருந்தது. அங்கே 19-ம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது, ஈயச் சுரங்கக் கழிவுதான் காரணம் என்பது பரவலான கருத்து. ஸ்காட்லாந்தின் லெவன் ஏரி, வடஅயர்லாந்தின் நே ஏரி ஆகியவற்றிலும் அது இப்போது இல்லை.

ஆகவே கணக்கு இந்த ஏரிக்குள்ளேயேதான் தீர வேண்டும். மீன் வாழும் பட்டைக்கு இரண்டு எல்லை. மேல் எல்லை வெப்பம். அதை அழுத்திக்கொண்டிருப்பது உலகம் முழுவதும் எரிகிற எரிபொருள். ஏரிக்கரை ஊர்கள் நாளைக்கே திருந்தினாலும் அது நகராது. கீழ் எல்லை ஆக்ஸிஜன். அதைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு பாஸ்பரஸுக்கு, பாஸ்பரஸ் வருவது 17 கிலோமீட்டர் ஏரியின் கரையில் இருக்கும் குழாய்களிலிருந்தும் டேங்குகளிலிருந்தும். மேல் எல்லை இறங்குகிற வேகத்தில் கீழ் எல்லையையும் இறக்கிக்கொண்டே போனால் பட்டை தாங்கும். அதனால்தான் கழிவுநீர்ப் பேச்சு, நீச்சலடிக்க வருகிறவர்களின் வயிற்றுவலியோடு முடிந்துவிடுவதில்லை.

ஒவ்வொரு ஆண்டும் நவம்பரில் காற்று பலமாக வீசத் தொடங்கும். மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து இறங்கும், இரண்டு மாடியும் ஒன்றாகிக் கீழே ஆக்ஸிஜன் போய்ச் சேரும். கோடையைத் தாக்குப்பிடித்த மீன்கள் கரையோரக் கூழாங்கற்களைத் தேடி மேலே வரும், ஆண்களின் வயிறு சிவந்திருக்கும். அங்கே பைக் மீன்கள் காத்திருக்கும், அது பழைய கணக்கு. முட்டைகள் குளிர்காலம் முழுக்கக் கற்களுக்கு நடுவே கிடந்து வசந்தத்தில் பொரியும். சில வாரங்களில் ஏரி மறுபடி இரண்டாகப் பிரியத் தொடங்கும்.